சும்மா ஒரு கையெழுத்தா?

ஏலே, என்னது இது? நாப்பது பக்கம், பூராவும் இங்கிலீசு. குடும்ப டிரஸ்ட் ஆரம்பிக்கப் போறியாமே, டாட்டா பிர்லா கணக்கா! இருக்கது ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ஓடு மாத்தாத ஒரு வீடு. டிரஸ்டி யாரு? நீ. பலன அனுபவிக்கப் போறது யாரு? நீயும் ஒம் பொண்டாட்டியும். ஒந் தங்கச்சி பேரு எந்தப் பக்கத்துல வருதுன்னு கண்ணாடியப் போட்டுத் தேடுதேன், அகப்படல.

அவளுக்குக் குடுக்காம இருக்க வழி கேட்டு வக்கீலுக்குப் பீசு கட்டிருக்க. அத நேராச் சொல்லேன்.

டிரஸ்ட் சட்டம் என்ன, நேத்து வந்ததா? 1882. வெள்ளக்காரன் போட்டது. நெலத்த அதுல வைக்கணும்னா பத்திரம் எழுதிப் பதியணும். ஆனா தன் சொத்தத்தாம்ல வைக்க முடியும். பூட்டன் சொத்துல அவ பங்கு அவளோடது. அத எப்படித் தூக்கி ஒன் டிரஸ்ட்டுக்குள்ள வைப்ப?

"அவளத்தான் கட்டிக் குடுத்தாச்சே தாத்தா"ங்க. பழைய பாட்டு. 1989-ல கருணாநிதி ஆட்சியில, பொண்ணுக்கும் பூர்வீகத்துல பங்குன்னு இங்க சட்டம் வந்துச்சு. அதுலயும் ஒரு ஓட்டை. அந்த மார்ச் 25-க்கு முன்னாடி தாலி ஏறினவளுக்குக் கெடையாது. அந்த ஓட்டையில நொழஞ்ச அண்ணன்மாரு கொஞ்சநஞ்சமா? 2005-ல டெல்லிச் சட்டம் அதையும் அடச்சுது. அடுத்து என்ன சொன்னானுவ? "எங்கப்பா அதுக்கு முன்னமே போய்ச் சேந்துட்டாரே!" அப்பன் செத்த தேதிய அம்புட்டு ஆசையாச் சொன்ன மவனுவள அப்பத்தாம்ல பாத்தேன். 2020 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டு, பங்கு அவளுக்குப் பொறப்புலயே வந்தது, அப்பன் இருந்தா என்ன போனா என்னன்னு முடிச்சிருச்சு. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி ஒழுங்காப் பதிஞ்சு பாகம் பிரிச்சிருந்தா அது வேற. ஒங்கப்பனுக்குப் பாகம் பிரிக்க எங்க நேரம்? சீட்டாடவே பொழுது பத்தல.

அவரு சொந்தமாச் சம்பாதிச்சதா இருந்தா அவரு இஷ்டம். வெள்ளத்தாளுல உயில் எழுதி ரெண்டு சாட்சி வச்சாப் போதும், பதியணும்னுகூடக் கட்டாயமில்ல. எழுதாமப் போனா? பொண்டாட்டி, ஆம்பளப் புள்ள, பொம்பளப் புள்ள, செத்தவனப் பெத்த ஆத்தா, எல்லாருக்கும் சமம். பெத்த அப்பனுக்கு அந்த வரிசையில எடமில்ல. பாத்தியா, சட்டம்கூடக் கெழவனுவள நம்பல!

"அப்ப விடுதலைப் பத்திரம் வாங்கிருதேன்"ங்க. அதையும் பாத்துருக்கேன். சார்பதிவாளர் ஆபீசு வாசல், வேப்பமரத்தடி. அண்ணன் புதுச்சேலை எடுத்துக் குடுத்துத் தங்கச்சியக் கூட்டியாருவான். சேலையில வெலச் சீட்டு அப்படியே தொங்கும். வடை வரும், காப்பி வரும். வருசத்துக்கு ஒருக்கா போன் பண்ணாதவன், வேர்க்குதான்னு கேட்டு விசிறி விடுவான். "சும்மா ஒரு கையெழுத்துத்தாம்மா"ம்பான். அவ மெசினுல வெரல வப்பா, காமிராவப் பாப்பா. சும்மா கையெழுத்துக்கு எதுக்குலே சாட்சி, முத்திரைத்தாளு? அவளா மனசறிஞ்சு விட்டுக்குடுத்தா வாங்கிக்க, நான் வேண்டாம்னா சொல்லுதேன்? முந்தின நாளே பத்திரத்த அவளுக்கு வாசிச்சுக் காட்டு. மாப்பிள்ளையும் பக்கத்துல இருக்கட்டும். ஏன், தொண்டை அடைக்கோ?

எம் மவனும் போன வருசம், "எம் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதுங்கப்பா"ன்னு வந்தான். எழுதுதேன், 'கடைசி வரைக்கும் அப்பனக் கவனிச்சுக்கிடணும்'னு ஒரு வரி சேத்துக்கோன்னேன். 2007-ல வந்த பெத்தவங்க பராமரிப்புச் சட்டம் இருக்குல்லா? அந்த வரி இருந்து, அவன் சோறு போடலேன்னா, ஆர்டிஓ-கிட்ட மனு குடுத்து எழுதிக் குடுத்ததையே ரத்துப் பண்ணலாம். வரி இல்லேன்னாலும் கோர்ட்டு இப்பல்லாம் கெழடுவளுக்குக் கொஞ்சம் எறங்கித்தான் வருது. இருந்தாலும் எழுத்துல இருக்கட்டுமேன்னேன்.

பய அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. காப்பி மட்டும் நேரத்துக்கு வருது.