விளக்கு எரியும், வண்டி நகராது: ஓர் ஆய்வு

ஓடாத ரயில்கள் இருவகைப்படும்: தாமதமாக வருவன, ரத்தாவன. இரண்டுக்கும் ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவிப்பார்கள். கண்ணெதிரே, முழு மின்சாரத்தோடு, முகப்பு விளக்கைப் பிரகாசமாக எரியவிட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும் மூன்றாம் வகைக்கு அறிவிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. அக்குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

ஆய்வுப்பொருள், என் சாப்பாட்டு மேசைமேல் நிற்கும் ஒரு சாண் நீல டீசல் எஞ்சின். அளவு 1:87. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இதைப் பொம்மை என்று அழைப்பவர்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்; சரியான சொல் 'மாதிரி ரயில்'. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வழங்குபவன் நான் ஒருவனே.

பழைய மாதிரி ரயில்களில் ஆய்வுக்கு இடமே இல்லை. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம், கம்பியை மாற்றினால் பின்னோட்டம், அவ்வளவுதான். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய டிஜிட்டல் முறையை அடிப்படையாகக் கொண்டு, 1935-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் ஒரு தரநிலை வகுத்தது. அதன்பின் தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் முழுதாக ஓடுகிறது. ஆணைகளும் அதிலேயே கலந்து ஓடுகின்றன. மின்முனை மாறி மாறித் துடிக்கும். ஒவ்வொரு பாதித் துடிப்பும் 58 மைக்ரோவினாடி என்றால் அது ஒன்று. 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ என்றால் சுழி. எல்லா எஞ்சின்களும் எல்லா ஆணைகளையும் கேட்கும். தன் எண் வந்தால் மட்டும் அசையும். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோலத்தான். எஞ்சினுக்குள் இருந்து ஆணையைப் படிக்கும் சில்லுக்கு டிகோடர் என்று பெயர். புதிதாக வரும் டிகோடர் அனைத்துக்கும் வரிசை எண் 3. ஏன் 3 என்று கேட்கக் கூடாது, மரபு.

இனி நோய்க்குறி. 3 என்று அழைத்தால் விளக்கு எரிகிறது, அணைகிறது. வேகத் திருகைத் திருப்பினால் ஒன்றும் நடப்பதில்லை. முதல் பூர்வபட்சம்: "டிகோடர் போய்விட்டது." இந்தத் துறையில் எதற்கும் முதலில் சொல்லப்படும் தீர்ப்பு இது. காய்ச்சல் என்றதும் 'கண் பட்டிருக்கும்' என்பதற்குச் சமமான அறிவியல் தகுதி உடையது.

அடுத்து வருபவர்கள் தூசிவாதிகள். பிரபஞ்சத்தின் துன்பம் அனைத்துக்கும் சக்கர அழுக்கே காரணம் என்பது அவர்கள் கொள்கை. எளிதில் தள்ளிவிட முடியாத கொள்கை. பெரும்பாலும் அவர்களே வெல்கிறார்கள். 0.1 மில்லிமீட்டர் துகளை 87-ஆல் பெருக்கினால் 8.7 மில்லிமீட்டர், உண்மை ரயிலுக்குத் தண்டவாளத்தில் சரளைக்கல் கிடந்த கணக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து எட்டுச் சக்கரங்களையும் துடைத்தேன். துணி கறுத்தது. எஞ்சின் நகரவில்லை. யோசித்தால் துடைத்ததே வீண்: அழுக்குதான் காரணம் என்றால் விளக்கும் சிமிட்ட வேண்டுமே, ஆடாமல் எரிவானேன்?

கம்பிவாதிகளின் கட்சி இதைவிட நுட்பமானது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரும். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்குப் போகும். வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் எல்லோருக்கும் பொது. எட்டு முள் செருகியைத் தலைகீழாகக் குத்திவிட்டால் வண்டி ஓடும், விளக்கு எரியாது. என் நோய் இதற்கு நேரெதிர். எனவே ஆரஞ்சோ சாம்பலோ அறுந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இதைச் சோதிக்கத் தனித் தண்டவாளம் ஒன்று உண்டு. டிகோடரின் நினைவில் எண்ணிட்ட அறைகள் இருக்கின்றன, வழக்கில் சி.வி. (வேலைக்கு அனுப்புவது வேறு.) எஞ்சினை அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தி, "ஒன்றாம் அறையில் இருப்பது 3-ஆ?" என்று கேட்டால், ஆம் என்று சொல்ல டிகோடருக்கு வாய் கிடையாது. அதனால் 6 மில்லிவினாடிக்கு 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டும். வழக்கமாக மோட்டார் வழியாகவே இழுப்பதால் எஞ்சின் சற்றே உதறும். அதுதான் அதன் 'உள்ளேன் ஐயா'. என் எஞ்சின் உதறியது! மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, கம்பி அறவில்லை, பெயரும் மாறவில்லை. கம்பிவாதம் வீழ்ந்தது.

இந்தக் கட்டத்தில் பலர் எட்டாம் அறையில் எட்டு எழுதிவிடுவார்கள். பல டிகோடர்களில் அது எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும். சோதிடத்தில் எட்டாம் இடம் ஆயுள் ஸ்தானம் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. ஆனால் காரணம் அறியாமல் மறுபிறவி கொடுப்பது ஆய்வாளனுக்கு அழகல்ல. தவிர, விளக்கின் ஒளியளவை அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்திருந்தேன். அறை அறையாகப் போனேன். 29-இல் 6, ஒழுங்காகத்தான் இருந்தது. 19-இல் சுழி இருக்க வேண்டும். இருந்தது 11.

பத்தொன்பதாம் அறை கூட்டணி எண்ணுக்கானது. இரண்டு எஞ்சின்களை ஒரே வண்டிக்குப் பூட்டும்போது இரண்டிலும் ஒரே எண்ணை எழுதுவார்கள். அதன்பின் வேக ஆணை அந்த எண்ணில் வந்தால்தான் ஓடும்; சொந்தப் பெயரில் அழைத்தால் விளக்கை மட்டும் போடும். சென்ற தீபாவளிக்கு இதையும் ஒரு சிவப்பு எஞ்சினையும் 11 என்று சேர்த்து நீளமான சரக்கு வண்டி ஓட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொக்கியைக் கழற்றினேன், எண்ணைக் கழற்றவில்லை. ஆறேழு மாதமாக எஞ்சின் என் ஆணையைத்தான் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

19-இல் சுழி எழுதினேன். ஓடியது. புது டிகோடர் வாங்க எடுத்து வைத்திருந்த பணம் மிச்சம்.

சிவப்பு எஞ்சினைப் பொங்கலுக்கு முன்பே நண்பர் ஒருவருக்கு விற்றுவிட்டேன். நேற்று மாலை அவர் போன் செய்தார். "சார், லைட்டு நல்லா எரியுது, வண்டி மட்டும் நகரல. டிகோடர் போயிருச்சுன்னு நினைக்கிறேன். புதுசுக்குச் சொல்லிட்டேன்" என்றார்.