அடுத்த மாடல் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு மீன் வாங்க வருகிறவர்கள் சேற்று நண்டின் கொடுக்கைப் பார்ப்பார்கள். அண்ணன் அவர்கள் வந்திறங்கிய வண்டியின் முகப்பைப் பார்ப்பார்.

"சார், கிரெட்டா 2023 தானே?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"லைட்டப் பாத்தாலே தெரியுது. எந்த மாசம் எடுத்தீங்க?"

"டிசம்பர். நல்ல தள்ளுபடி!"

அண்ணன் உடனே பதில் சொல்ல மாட்டார். துக்க வீட்டு வாசலில் நிற்பதுபோல் ஒரு நிமிடம் நிற்பார். பிறகு தணிந்த குரலில், "ஜனவரி 16-ல புதுசு வந்துச்சே சார்" என்பார். 2023-ல் எல்லா ரகத்துக்கும் ஆறு ஏர்பேக் வந்தது நல்ல விஷயம்தான் என்று முதலில் ஒரு ஆறுதல். அதற்குப் பின்னால் 2024-ன் வரவுகள் ஒவ்வொன்றாக இறங்கும்: புது முகம், பக்கம் பக்கமாக இரண்டு திரை, 160 குதிரைத் திறனில் டர்போ பெட்ரோல், எதிரே ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும் வசதி. நண்டு வாங்க வந்தவர் வெறும் பையோடு வண்டியில் ஏறுவார்.

"வர்றவனையெல்லாம் வயிறெரிய வச்சு அனுப்புறியே, எறாவ நீ வாங்குவியா?" என்று கூடைக்காரம்மா கத்துவார். அண்ணன் அதற்குள் அடுத்த வண்டியிடம் போயிருப்பார்.

அண்ணனிடம் கார் இல்லை. பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் இருக்கிறது. அது எந்த வருஷத்தது என்று கேட்டால், "ஓடுது இல்ல?" என்பார். அடுத்தவர் வண்டி என்றால் மட்டும் ஆர்சி புத்தகம் வேண்டும். பதிவான தேதி அவருக்கு முக்கியமில்லை, தயாரித்த மாதம்தான் முக்கியம். டிசம்பரில் பிறந்து பிப்ரவரியில் பதிவான வண்டியைப் புது வருஷத்து வண்டி என்று யாராவது சொல்லிவிட்டால், வயதைக் குறைத்துச் சொன்ன மாப்பிள்ளையைப் பிடித்த பெண் வீட்டார்கூட அவ்வளவு கோபப்பட மாட்டார்கள்.

2024 எக்ஸ்யூவி 700 பற்றிப் பஞ்சாயத்து வைத்தால் அரை நாள் போகும். 2023-ல் நடு வரிசை ஒரே நீள இருக்கை. 2024-ல் மேல் ரகத்தில் தனித்தனியாக இரண்டு இருக்கை வைத்து ஆறு பேர் வண்டியாகவும் கொடுத்தார்கள். முன் இருக்கையில் உட்கார்ந்தவர் முதுகுக்குக் குளிர்ந்த காற்றும் வரும்.

"முதுகு குளிருதா இல்லையான்றது இருக்கட்டும். ஏழாவது ஆள் யாரு? உங்க மாமியாரா, உங்க அம்மாவா?" என்று கேட்டு ஒரு குடும்பத்தையே சந்தையில் நிறுத்திச் சண்டை மூட்டியவர் அவர். குப்பத்துக் கல்யாணத்துக்கு ஒரு பொலிரோவில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை அந்தக் கம்பெனிக்காரர்கள் பார்த்ததில்லை என்பது அவருடைய நிலையான குறை.

வண்டியே கோட்டுக்குள் ஓட்டிக்கொள்ளும் என்று ஒருவர் பெருமையடித்தார். அண்ணன் குப்பத்துத் தெருவைக் கையால் காட்டினார். ஒரு பக்கம் வலை காய்ந்தது, நடுவில் ஆடு படுத்திருந்தது. "கோட்டக் காட்டுங்க சார், ஓட்டட்டும்."

இத்தனை தெரிந்தவர் ஏன் ஒன்றும் வாங்கவில்லை? காத்திருக்கிறார். 2004-ல் குவாலிஸ் வாங்க மனசு வைத்தார். 2005-ல் இன்னோவா வந்தது. அது பழகட்டும் என்றார். 2016-ல் கிரிஸ்டா வந்தது. 2022 கடைசியில் ஹைகிராஸ் வந்தபோது, டீசல் இல்லையே என்று தள்ளினார். 2023-ல் டீசல் கிரிஸ்டா திரும்பி வந்தது. "பழசையே திருப்பி விக்கிறான்" என்று அதையும் தள்ளினார்.

கேலி செய்தால் அரசாங்கத்தைச் சாட்சிக்கு இழுப்பார். "வண்டிப் புகை விதியப் பாருங்க. 2017-ல நாடு பூரா பிஎஸ் நாலு. 2020-ல நேரா பிஎஸ் ஆறு. அஞ்ச வாங்குனாங்களா? தாண்டிட்டாங்க. நான் தாண்டினா மட்டும் கஞ்சனா?"

இதே மனிதர்தான் ஏரியில் வேறு ஆள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றும் எறா கிடைக்கும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்துக்குப் பாடு என்று பேர். உன் முறை வந்த அன்றைக்குத்தான் நீ வலை கட்டலாம். நாளைக்கு நீரோட்டம் நன்றாயிருக்கும் என்று தள்ளிவைத்தால் நாளை அடுத்த ஊர்க்காரன் நிற்பான். முகத்துவாரம் மணல் மூடி ஏரி வற்றிக் கிடந்தாலும் அண்ணன் தன் பாட்டை விட்டதில்லை. கிடைத்தது கால் கூடை என்றாலும் அள்ளிக்கொண்டு வருவார்.

இதை வைத்துத்தான் ஒருநாள் அண்ணி மடக்கினார். "பாடு வந்தா விடியறதுக்குள்ள ஓடுற. வண்டிக்கு மட்டும் இருபது வருசமா அடுத்த பாடு, அடுத்த பாடுன்றியே. நான் கார்ல போறது எப்ப?"

அண்ணன் ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எறாவுக்கு பிஎஸ் ஏழு வரப்போறதில்ல. வண்டிக்கு வரும்னு பேசிக்கிறாங்களே!"