எழுபது வளைவுகளும் இருத்தல் நிமித்தமும்

இருசக்கர வாகனத்தில் கூட்டமாக மலையேறி அன்றைக்கே இறங்கி வருவதை ஐந்திணையில் எதில் சேர்ப்பது என்ற கேள்வியை இதுவரை யாரும் தீர்த்ததாகத் தெரியவில்லை. யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. அது இக்கட்டுரைக்கு வசதிதான். எதிர்க்கட்சி இல்லாத ஆய்வு விரைந்து முடியும். மேலோட்டமாகப் பார்ப்பவர் குறிஞ்சி என்று சொல்லிவிடுவார். மலை இருக்கிறது, அருவி இருக்கிறது, குரங்கு இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பார். நிலத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு இது. குறிஞ்சிக்கு உரிப்பொருள் கூடுதல். இந்தப் பயணத்தில் கூட்டம் கூடியிருப்பது புகைப்படத்தில் மட்டுமே. விடிகாலை முதல் இரவு வரை உண்மையில் நடப்பது ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பது. இடையிடையே கொஞ்சம் வண்டியும் ஓட்டப்படுகிறது. ஆகவே நிலம் குறிஞ்சி, ஒழுக்கம் முல்லைக்கு உரிய இருத்தல். திணைமயக்கம் என்றொரு வழியை இலக்கணத்தார் முன்யோசனையோடு திறந்து வைத்திருப்பதால் இதில் குற்றமில்லை.

சான்றுக்கு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்கிறோம். அடிவாரத்தில் காரவள்ளி, அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையை உயரத்தால் அளப்பது புவியியல்காரர் வழக்கம். வண்டிக்காரர்கள் வளைவால் அளக்கிறார்கள். 2637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவை இவர்கள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஏற்காடு 20, திம்பம் 27, கல்லட்டி 36, வால்பாறை 40 என்று ஏறுவரிசையில் பேச்சு போகும். யாராவது கொல்லி 70 என்றதும் அடங்கிவிடும். முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்குச் சாலை உண்டு. அதில் போய்வந்தவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அடுத்து, பயணிகளின் பெயர்கள். கொல்லியை ஆண்டவன் கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. அவனுடைய குதிரையின் பெயரும் ஓரி. அவனை எதிர்த்துப் பொருத காரியின் குதிரையும் காரி. இதைச் சொல்வது சிறுபாணாற்றுப்படை. ஆளுக்கும் ஊர்திக்கும் ஒரே பெயர் என்ற அந்த மரபு இம்மலைப் பாதையில் இன்றும் அறுபடவில்லை. நாம் ஆராயும் குழுவில் எட்டு வண்டி. ஒருவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் கிடையாது. முன்னால் பறப்பவன் டியூக். 1996இல் உற்பத்தி நின்றுபோன வண்டியைப் பிள்ளை போல வளர்ப்பவர் ஆர்எக்ஸ். வயதில் மூத்தவர் புல்லட் மாமா. பள்ளி ஆசிரியர் ஸ்ப்ளெண்டர் சார். எங்கும் நிற்காமல் ஒரே சீராக வருகிறவர் ஜூபிட்டர் அக்கா. மற்ற மூவரும் ஒரே வகை வண்டி வைத்திருப்பதால் நிறத்தால் அறியப்படுகிறார்கள். ஆய்வுக்கு அவர்கள் முக்கியமில்லை.

இனிப் பொழுது. “கொண்டலாம்பட்டி பைபாஸ், காலை 5.30 ஷார்ப்” என்று முந்தின இரவு வாட்ஸாப்பில் முடிவாகிறது. வைகறை மருதத்துக்கு உரிய பொழுது. மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். எனவே அவரவர் வீட்டு வாசலில் அது முறைப்படி நடந்து முடிகிறது. (“ஞாயித்துக்கிழமையும் ஊர் சுத்தப் போயிடுங்க” என்பது ஊடற்கிளவி.) 5.30க்கு வந்து நிற்பவர் ஸ்ப்ளெண்டர் சார் ஒருவரே. மற்றவர்களைக் கூப்பிட்டால் “கிளம்பிட்டேன் சார்” என்று பதில் வரும், பின்னணியில் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தோடு. இதைப் பொய் என்பது அறியாமை. விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று நன்னூலார் காலவழுவமைதியில் இடம் கொடுத்திருக்கிறார். உண்ணாமலே உண்டேன் என்பவனுக்கு உள்ள உரிமை குளிக்காமலே கிளம்பியவனுக்கும் உண்டு. சார் தமிழாசிரியர், அதனால் அவரால் கோபப்படவும் முடியவில்லை.

ராசிபுரம் வரை நான்குவழிச் சாலை. இந்தத் தூரத்தில் மட்டும் எட்டு வண்டியையும் ஒரு குழு என்று சொல்லலாம். ஒருவர் இடப்புறம், அடுத்தவர் சற்றுப் பின்னே வலப்புறம் என்று மாற்றி மாற்றி, முன்வண்டிக்கும் தமக்கும் இரண்டு விநாடி இடைவெளி விட்டு வரவேண்டும் என்பது விதி. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்பது 33 மீட்டர். எட்டு வண்டிக்கு ஏழு இடைவெளி. ஆகக் குழுவின் நீளம் கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆண்டகளூர் கேட் வந்ததும் டீக்கடையில் நிற்கிறார்கள். பேளுக்குறிச்சி தாண்டியும் ஒருமுறை நிற்கிறார்கள், எதற்கு என்று தெரியாமல். காரவள்ளியில் வனத்துறைச் சோதனைச்சாவடி. அதைக் கடந்து முதல் வளைவு திரும்பியதும் அந்தக் கால் கிலோமீட்டர்க் குழு காணாமல் போகிறது.

எப்படிப் போகிறது என்பதுதான் ஆய்வின் நடுவிடம். ஸ்ப்ளெண்டர் சார் ஒவ்வொரு வளைவிலும் டியூக்கைவிட 5 விநாடி மட்டும் அதிகம் எடுக்கிறார் என்று கொள்வோம். இது பெரிய தாமதமல்ல. ஹார்ன் அடித்து, எதிரே பேருந்து வருகிறதா என்று பார்த்து, முதல் கியருக்கு மாற்றிக்கொள்ளும் நேரம். ஆனால் 70 வளைவுக்கு 350 விநாடி, அதாவது கிட்டத்தட்ட ஆறு நிமிடம். டியூக் மேலே போய் வண்டியை நிறுத்தி, தேநீர் சொல்லி, குடித்து முடித்து, கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்கிற நேரம் சரியாக ஆறு நிமிடம். சார் வந்து சேர்கிறார், ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். “எல்லாரும் வந்தாச்சா? அப்ப கிளம்பலாம்” என்று டியூக் எழுந்துவிடுகிறான். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கே அது கிடைப்பதில்லை. தேவையே இல்லாதவனுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் முழுத் தேநீர். உலகில் பல துறைகளில் இப்படித்தான் என்றாலும், இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய துறை இது ஒன்றே.

காத்திருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. இல்லாதவரைப் பற்றிப் பேசுகிறார்கள். இம்மலையில் முகவரி என்பது வளைவின் எண்.

“மாமா எங்கடா?”

“முப்பத்தெட்டுல பார்த்தேன்.”

“நான் வரும்போது நாப்பத்தொண்ணுல நின்னாருப்பா. குரங்கு கையுறையத் தூக்கிட்டுப் போயிடுச்சு.”

“ரெண்டுமா?”

“ஒண்ணுதான். இன்னொண்ண வெச்சுக் காட்டி அதைக் கீழ வரவெக்கப் பாக்குறாரு.”

கருப்பொருள்களில் பழைய குறிஞ்சியிலிருந்து மாறாமல் எஞ்சியது குரங்கு ஒன்றே என்பதை இங்கே குறிக்க வேண்டும். உணவு மாறிவிட்டது. தினையும் சாமையும் இன்றும் விளைகிற மலை இது. வந்தவர்கள் கடையில் உட்கார்ந்து மேகி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அன்னாசியை மட்டும் மிளகாய்த்தூள் போட்டு மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

சாய்வு பற்றியும் ஒரு வார்த்தை. வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டி நேர்நிலையிலிருந்து 17 பாகைக்கு மேல் சாய வேண்டும். 30 கிலோமீட்டர் என்றால் 35 பாகை. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் சாய்வு இரட்டிப்பாகிறது. ஒருவர் கர்வமும் அதே விகிதத்தில் கூடுகிறது. டியூக் முழங்கால் கவசம், முதுகுக் கவசம், கணுக்காலுக்கு மேல் வரும் காலணி எல்லாம் அணிந்து, உடலை வளைவின் உட்புறம் இறக்கி, புத்தகத்தில் உள்ளபடி 43ஆம் வளைவைத் திரும்புகிறான். அப்போது வலப்பக்கம் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் அவனை முந்துகிறது. ஓட்டுபவர் மலைவாசி, லுங்கியை மடித்துக் கட்டியிருக்கிறார், பின்னால் இரண்டு வாழைத்தார், முன்னால் ஒரு மூட்டை, அதன்மேல் ஒரு சிறுவன். கியரே இல்லாத வண்டி. சிறுவன் திரும்பிப் பார்த்துக் கையசைக்கிறான். இந்நிகழ்ச்சியை மேலே தேநீர்க் கடையில் டியூக் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் வந்த அக்கா சொன்னார்.

அரசுப் பேருந்தைப் பற்றித் தனி நூலே எழுதலாம். அது வளைவில் திரும்பும்போது சாலை முழுவதும் அதனுடையது. மற்றவர்கள் சுவரோடு சுவராக நின்று வழிவிட வேண்டும். இது குழுவுக்குக் கட்டாய இருத்தல். ஓட்டுநர் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறுகையால் கண்டக்டரிடம் சில்லறை வாங்குகிறார்.

நண்பகலில் ஆகாய கங்கை. அறப்பளீசுவரர் கோயில் பக்கமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. வண்டிக் காலணியும் கவசமும் படி இறங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது முதல் நூறு படிக்குள் தெரிந்துவிடும். அதனால் ஒருவர் மேலேயே நின்று எட்டு ஹெல்மெட்டையும் ஐந்து ஜாக்கெட்டையும் காவல் காக்க வேண்டும். முட்டிவலியைக் காட்டிப் புல்லட் மாமா அந்தப் பொறுப்பை ஏற்கிறார். மற்றவர்கள் குளித்து, மூச்சு வாங்கி ஏறி வரும்வரை இரண்டு மணிநேரம் அவர் கோயில் நிழலில் தூங்குகிறார். நாள் முழுவதும் இருத்தலைச் செம்மையாக நிகழ்த்தியவர் யார் என்று பரிசு வைத்தால் அவருக்குத்தான்.

இங்கே ஒரு சாரார் தடை எழுப்புவர்: தனியாகப் போனால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாமே என்று. தனியே போகிறவர் சீக்குப்பாறைக் காட்சிமுனையில், தம்மைப் படமெடுத்துத் தர ஆள் வருமா என்று அரைமணி நேரம் நிற்பதை அவர்கள் பார்த்ததில்லை. மேலும் குறிஞ்சித் தெய்வமே தனியாக உலகைச் சுற்றி வந்ததுதான் கதை. மயில் நல்ல வேகம்; வழியில் டீக்கடை நிறுத்தமும் இல்லை. ஆனாலும் பழம், அம்மையப்பனை மட்டும் சுற்றிவிட்டு அங்கேயே இருந்த அண்ணனுக்கே போயிற்று.

இறக்கத்துக்கு வருவோம். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மூத்தோர் வாக்கு. எஞ்சின் தானே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். இரண்டு வீச்சு எஞ்சினுக்கு அப்படிப் பிடிக்கும் குணம் குறைவு. கியர் மாற்ற வழியில்லாத ஸ்கூட்டருக்கும் அப்படியே. ஆகவே இறங்கும்போது ஆர்எக்ஸும் அக்காவும் பிரேக்கை நம்பியே வருகிறார்கள். கருகல் வாடை வந்ததும் இருவரும் ஓரம்கட்டி நின்று பிரேக் ஆறும்வரை குடும்ப விஷயம் பேசுகிறார்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. இறங்குகிறவன் நிற்க வேண்டும் என்று சட்டமே எழுதி வைத்திருக்கும்போது, இதன் உரிப்பொருள் இருத்தல் அல்ல என்று இனி எவர் வாதிடுவார்?

மாலை காரவள்ளியில் மறுபடி எட்டுப் பேரும் ஒரு கடையில் உட்கார்கிறார்கள். முல்லைக்கு உரிய சிறுபொழுது இதுவே என்பதால் யாருக்கும் அவசரமில்லை. பெட்ரோல் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் பேசப்படுகின்றன, தீர்க்கப்படுவதில்லை. கொண்டலாம்பட்டி வந்ததும் விடைபெறுதல் என்று எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு ஹார்ன், அவரவர் சாலை.

பயணம் அத்துடன் முடிந்தது என்று கருதினால் அது பிழை. “வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடுங்க” என்பது குழுவின் கடைசி விதி. ஒன்பது மணிக்குள் ஏழு பேர் கட்டைவிரல் போட்டுவிட்டார்கள். ஆர்எக்ஸிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. ஒன்பதரைக்கு அக்கா கேட்கிறார், பத்துக்கு மாமா கேட்கிறார். போன் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. பத்தேகாலுக்கு டியூக் மறுபடியும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தேடிப் போகலாமா என்று எழுதுகிறான். ஏழு பேரும் ஏழு வீட்டில் விழித்திருக்கிறார்கள். பத்தரைக்குச் சார் மீண்டும் கூப்பிட, இம்முறை ஆர்எக்ஸின் மனைவி எடுக்கிறார்.

“அவரு ஏழரைக்கே வந்து சாப்பிட்டுத் தூங்கிட்டாருங்க சார். ஏன், நீங்கல்லாம் இன்னும் வீடு போய்ச் சேரலைங்களா?”