அரை நிமிஷம் முன்னால் இருப்பவர்

சம்பளப் பட்டியலில் அவர் பதவி 'சிஸ்டம் சப்போர்ட்'. பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்குப் புதுசு தருவது, மவுஸுக்கு பேட்டரி மாற்றுவது என்று ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அவர்பாட்டுக்கு இருந்தார். 2020-இல் எல்லோரும் வீட்டோடு முடங்கியபோது, எம்.டி.யின் முகத்தை ஊழியர்களுக்கு நேரலையில் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. தங்கச்சி கல்யாணத்துக்கு இவர்தான் வீடியோ எடுத்தார் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அன்றுமுதல் அவர் 'லைவ் அண்ணன்'. சம்பளம் மட்டும் பழையதே.

கேன்டீனில் எம்.டி. எல்லோரிடமும் பேசும் 'டவுன்ஹால்' கூட்டம் என்று மெயில் வந்தால் போதும், ஆள் மாறிவிடுவார். "சும்மா ஒரு லைவ்தானேண்ணா, பட்டனைத் தட்டினா போச்சு" என்பார் ஹெச்.ஆர். மேடம். அந்த ஒரு பட்டனுக்காக முந்தின நாள் சாயங்காலமே கேன்டீன் தரையில் டேப்பும் கையுமாக ஊர்ந்துகொண்டிருப்பார். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. நீளம் கூடினால் படம் விட்டுவிட்டு வரும். பூட்டும் கிடையாது, சமோசாத் தட்டோடு போகிறவர் கால் பட்டால் கழன்றுவிடும். எஸ்.டி.ஐ. கேபிள் என்றால் திருகிப் பூட்டலாம், கேன்டீனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தாலும் அசையாது. வாங்கித்தரச் சொல்லி எழுதினார். 'போன்ல எடுத்தா ஆகாதா?' என்று பதில் வந்தது.

மனிதர்களை அவர் எடைபோடுவது உடையை வைத்துத்தான். பொடிக்கட்டம் போட்ட சட்டை திரையில் புழுவாய் நெளியும் என்பதால், அதைப் போட்டவர் எவ்வளவு நல்லவரானாலும் நம்பமாட்டார். பட்டுப்புடவை மைக்கில் உரசும். ஒருமுறை ஃபைனான்ஸ் தலைவர் பச்சைத் திரைக்கு முன்னால் பச்சைச் சட்டையில் வந்து நின்றார். தலையும் இரண்டு கைகளும் மட்டும் அந்தரத்தில் மிதந்து காலாண்டு வருமானத்தை விளக்கின. கேபிளுக்கு 'போன் போதாதா' என்று எழுதியவர் இவர்தான் என்பதால், அண்ணன் கொஞ்சநேரம் அப்படியே விட்டுவைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

எம்.டி.யின் சட்டையில் கைவைக்கும் உரிமை அலுவலகத்திலேயே இவர் ஒருவருக்குத்தான். "சார், ஐ.டி. கார்டைக் கழட்டிடுங்க, மைக்ல இடிக்கும்" என்றால் எம்.டி. மறுபேச்சில்லாமல் கழட்டுவார். காலர் மைக்கோடு பாத்ரூமுக்குப் போன பெரிய மனிதர்கள் அங்கே யாரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் இவர் ஹெட்போனோடு சரி, வெளியே வராது.

ஒருவகையில் இவர் ஆடி மாதத்து அம்மன் கோயில் மைக்செட்காரரின் வாரிசு. ஆனால் அவர் போட்ட பாட்டு அந்தக் கணமே ஊருக்குக் கேட்டது. இங்கே வீடியோ சில விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, எங்கோ ஒரு சர்வருக்குப் போய், பார்ப்பவரின் கணினியில் நாலைந்து துண்டு சேர்ந்த பிறகே ஓடும். கீழே கேன்டீனில் நடப்பது மேல்மாடியில் இருக்கும் எங்களுக்கு வந்துசேர அரை நிமிஷம்கூட ஆகும். அதனால் கைதட்டல் முதலில் படிக்கட்டு வழியாக வரும். ஜோக் பிறகு திரையில் வரும். கீழே ஆரவாரம் கேட்டதும் "இன்க்ரிமென்ட்டா? இன்க்ரிமென்ட்டா?" என்று மேலே எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம். 'இனி வாரம் ஐந்து நாளும் ஆபீஸ்' என்று எம்.டி. அறிவித்தபோது கேன்டீன் உறைந்துபோய்விட்டது. மேலே நாங்கள் முந்தைய ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எண்ணூறு பேர் ஆளுக்கொரு திரையில் திறந்தால், தலைக்கு விநாடிக்கு மூன்று மெகாபிட் என்று வைத்தாலும் 2,400 ஆகிவிடும். கட்டடத்துக்கு வரும் இணைப்பு ஆயிரம்தான். 'வரிசைக்கு ஒருவர் திறந்தால் போதும், மற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கவும்' என்று மெயில் போட்டார். கஞ்சத்தனம் என்றார்கள். நேரலை தொடங்கியதும் சாட்டில் ஒருவர் 'சத்தம் வரல' என்று எழுதுவார். அவருடைய லேப்டாப்தான் மியூட்டில் இருக்கும். உடனே சத்தம் நன்றாகவே கேட்கும் நாலு பேர் 'எனக்கும்' என்பார்கள்.

போன ஆண்டுவிழாவில் சிறந்த ஊழியர் விருதுக்கு எம்.டி. வாசித்த பெயர் லைவ் அண்ணனுடையது. அவரோ ஸ்விட்சர் முன்னால். மேடையில் ஏறினால் கேமராவை மாற்றுவது யார்? எம்.டி. ஷீல்டைப் பிடித்தபடி இடதும் வலதும் பார்த்துக்கொண்டு நிற்க, இவர் கைதட்டும் கூட்டத்துக்கு வெட்டினார், மறுபடி எம்.டி.; திரையின் அடியில் தன் பெயரையே பட்டையாக ஓடவிட்டார். ஹெச்.ஆர். மேடம் ஷீல்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு, "ஏண்ணா வரல? எப்படி இருக்கு?" என்றார்.

ஹெட்போனின் ஒரு காதை மட்டும் தூக்கினார் அண்ணன். "சார் மார்க்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்னுட்டாரு மேடம். பாதி முகம் இருட்டு."