முறுக்குச் சம்படம் காலியானமை குறித்த அளவையியல் ஆய்வு

வீட்டில் எடுத்து வைத்த கடைசி முறுக்கு காணாமற்போகும்போது எழும் வாதங்களை அளவையியலார் இதுகாறும் தனித்து ஆராயாமல் விட்டது பெருங்குறையே ஆகும். மலையில் புகையைக் கண்டு நெருப்பைத் துணியும் முறையை நூற்றாண்டுக் கணக்காக விரித்துரைத்த நியாய நூலார், மீசையில் தூளைக் கண்டு முறுக்கைத் துணியும் முறைக்கு ஓர் ஏடும் ஒதுக்கவில்லை; இத்தனைக்கும் மலைப்பக்கம் போகாதவர் பலர் உண்டு, சம்படத்தின் பக்கம் போகாதவர் எவருமில்லை.

வாதம் என்பது, எடுகூற்றுகள் எனப்படும் சில செய்திகளை முன்வைத்து அவற்றிலிருந்து ஒரு முடிவை வருவிப்பதாகும். எடுகூற்றுகள் மெய்யானால் முடிவு பொய்யாக இருக்கவே முடியாது என்னும்படி அமைந்த வாதம் செல்லுபடியாகும் வாதம். அவ்வாறு அமைந்ததோடு எடுகூற்றுகளும் மெய்யாகவே இருந்துவிட்டால் அது நிறைவாதம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே குடும்ப வழக்குகளில் நேரும் முதற்கேடு. ‘மீசையில் தூள் ஒட்டியிருப்பவர் எவரும் முறுக்குத் தின்றவரே, தாத்தாவின் மீசையில் தூள் ஒட்டியிருக்கிறது, ஆகவே தாத்தா முறுக்குத் தின்றவர்’ என அத்தை வாதிடுவாராயின், அதன் அமைப்பில் அரிஸ்டாட்டிலே வந்தாலும் குறைகாண இயலாது. ஆனால் தாத்தாவின் மடியில் பொடி மட்டை இருக்கிறது. மீசையில் படிந்தது கரும்பழுப்பான மூக்குப்பொடியா, எண்ணெய்ப் பசையோடு எள் கலந்த முறுக்குத் தூளா என்பதை அளவையியல் சொல்லாது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் சென்று பார்க்க வேண்டும். தாத்தா எந்நேரமும் தும்மக்கூடியவர் ஆதலால் அதற்கு எவரும் முன்வருவதில்லை.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அளவை இலக்கணம், ஏதுப் போலி எனப்படும் பிழைபட்ட காரணங்களை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகையாக்குகிறது. இவற்றுள் அநைகாந்திகம் என்பது, துணிவைத் தராமல் ஐயத்தையே விளைக்கும் காரணத்தின் பெருவகை; எதை நிறுவ வந்ததோ அது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் காரணம் அதில் ஒரு வகை. முறுக்குத் தின்றவர் மீசையிலும் பொடி போட்டவர் மீசையிலும் ஒருங்கே காணப்படும் தூள் இதற்கு எளிய சான்றாகும்.

மாப்பிள்ளை மீதான வாதமோ அமைப்பிலேயே பழுதுடையது. முறுக்குத் தின்றவருக்குத் தாகம் எடுக்கும் என்பதும், மாப்பிள்ளை ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார் என்பதும் மெய்யே என்றாலும், வெயிலில் வந்தவருக்கும் தாகம் எடுக்கும் ஆகையால் முடிவு பெறப்படாது. அவரே உண்மையில் தின்றிருந்தாலும் இவ்வாதம் செல்லாததே. இது சமையலறை வாசலைத் தாண்டி உரைக்கப்படுவதில்லை என்பதற்குக் காரணம் அளவையியல் அன்று.

பேரன் மீது சுமத்தப்படுவது தொகுத்தறி வாதம், அதாவது பல முறை நிகழ்ந்ததைக் கொண்டு இம்முறையும் அவ்வாறே என்று கொள்வது. கோகுலாஷ்டமிச் சீடையும் தீபாவளி அதிரசமும் அவன் கைவரிசையால் தீர்ந்தன. ஆகவே முறுக்கும் அவனாலேயே தீர்ந்திருக்கும். இத்தகைய வாதம் முடிவை உறுதி செய்வதில்லை, மிகவும் நிகழத்தக்கதாக்குகிறது. அது வலுவுடையதாகவும், எடுகூற்றுகள் மெய்யாகவும், அறிந்த செய்தி எதுவும் விடுபடாததாகவும் இருந்தால் ஏற்கத்தகு வாதம் எனப்படும். நிறைவாதத்தைப் புதிய செய்தி எதுவும் அசைக்காது. ஏற்கத்தகு வாதத்தையோ ‘அவன் காலையிலிருந்து ட்யூஷனில் இருக்கிறானே’ என்னும் ஒரு சொல் சாய்த்துவிடும். சாய்ந்த பின்னும் பேரன் திட்டு வாங்குவது, சீடைக்கான பழைய பாக்கி என்று கொள்ளப்படும்.

எஞ்சியவர் பாட்டி. பல் இல்லாதவர் முறுக்குத் தின்னார், பாட்டிக்குப் பல் இல்லை, ஆகவே பாட்டி தின்னவில்லை என்னும் வாதம் செல்லுபடியாவது மட்டுமன்றி, எடுகூற்றுகளும் ஐயத்துக்கு இடமற்றவை போலத் தோன்றுவதால் நிறைவாதமாகவே நெடுங்காலம் மதிக்கப்பட்டு வந்தது. எனினும் திண்ணையிலுள்ள வெற்றிலை உரலைக் கவிழ்த்துப் பார்க்கும்போது, பாக்குத் துகளுக்கிடையே இரண்டு எள்ளும் ஒரு சீரகமும் உதிர்கின்றன. உரலில் இடித்தால் முறுக்கும் மாவாகும் என்பதை முதல் எடுகூற்றை இயற்றியவர் எண்ணிப் பார்க்கவில்லை. உரலில் எள் இருப்பதால் மட்டும் பாட்டிதான் இடித்தார் என்று துணிய முடியாதாயினும், அவ்வுரலைப் பிறர் தொட அவர் விடுவதில்லை என்பதையும் சேர்த்து நோக்கினால், இது இவ்வழக்கில் கிடைத்துள்ள மிக ஏற்கத்தகு வாதம் என்பதில் ஐயமில்லை. அதன் முடிவைக் கூடத்தில் வைத்து உரைக்க எவரும் முன்வரவில்லை. அடுத்த ஈட்டுக்கு மாவு பிசைந்து தரவேண்டியவரும் பாட்டியே.