பாட்ஸாவுக்கு ஒரு புகழுரை

ஜிம்பாப்வேயின் நெடுங்காம்பு மண்வெட்டியே, ஷோனா மொழியில் பாட்ஸா என்று பெயர் கொண்டவளே, உழவுக் கருவிகளில் உன்னைப் போல் மலிவானது வேறில்லை. டீசல் கேட்க மாட்டாய், கடன் வாங்க வைக்க மாட்டாய். ஜனவரி நோய் என்று அங்கே சொல்லும் உண்ணிக் காய்ச்சலில் மாடு செத்த வீட்டிலும் சுவரில் சாய்ந்து காத்திருப்பாய். உனக்குத் தேவை ஒரு பெண்ணின் இரண்டு கைகள். அவையும் கூலி கேட்காத கைகள்.

2020-இல், உழாமல் குழி வெட்டி விதைக்கும் ஃபும்வுட்ஸா திட்டம் நாடெங்கும் வந்தபோது அரசு நம்பியது உன்னைத்தான். 39 மீட்டருக்கு 16 மீட்டர் நிலம். நம் கணக்கில் பதினைந்து சென்ட். அதில் 52 வரிசை, வரிசைக்கு 28 குழி. ஆக 1,456 குழிகள். நவம்பர் மழைக்கு முன், மண் ஓடாக இறுகிக் கிடக்கும் மாதங்களில் அத்தனையையும் வெட்டித் தருகிறாய். குழிக்கு வெளியே ஒரு பிடி மண்ணைக்கூடக் கலைப்பதில்லை. பெய்த மழை குழியில் தங்குகிறது, உரம் வேருக்கு அருகிலேயே விழுகிறது, மழை குறைந்த ஆண்டிலும் மக்காச்சோளம் கதிர் பிடிக்கிறது. மண்ணை நீ காப்பது சத்தியம். உழாத நிலத்தில் களை முந்திக்கொண்டு எழும். அதையும் நீயே கொத்துகிறாய், அதே கைகளில், அதே குனிந்த முதுகின் கீழ்.

உனக்குப் போட்டி இல்லாமல் இல்லை. பக்கத்துச் சாம்பியாவில் மகோயே கீறுகலப்பை இருக்கிறது. பழைய இறக்கைக் கலப்பையின் சட்டத்தில் அதை மாட்டி இரண்டு மாடு இழுத்தால், விதைக்கும் கோட்டை மட்டும் கீறிக்கொண்டு போகும். பிரேசிலின் கைநடவுக் கருவியோ, குனியாமல் நின்றபடியே மூடாக்கின் ஊடே விதையை இறக்கும். 2013-இல் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டம் இரு சக்கர டிராக்டரில் விதைப்பான் பூட்டியும் பார்த்தது. ஆனால் அவற்றுக்கு ஊரில் பட்டறை வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும், வாங்க முன்பணம் வேண்டும். இந்தத் தேடல் எதையும் திட்டம் போடுவோருக்கு நீ வைக்கவில்லை. அவர்கள் ஏட்டில் உன் செலவு ஒரு வரிகூட இல்லை.

உன்னை நாள் முழுதும் பிடித்தவர்கள் இந்தக் குழிமுறைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘திகா உஃபே’. வெட்டு, வெட்டிச் சாவு.