ஆத்தூருக்கு எத்தனை எழுத்து?

கேள்வி: பைத்தான் நிரல்மொழி எங்கள் ‘ஆத்தூர்’ 7 எழுத்து என்கிறதே! மூன்றாம் எழுத்தைக் கேட்டால் வெறும் புள்ளி வருகிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: பயப்படாதீர்கள், உங்கள் ஊர் நாலெழுத்துதான்! யூனிகோடு ‘த்’ என்பதைத் தகரமும் புள்ளியுமாக, ‘தூ’வைத் தகரமும் ஊகாரக் குறியுமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பைத்தான் 3 அந்தத் துண்டுகளைத்தான் எண்ணுகிறது: ஆ, த, புள்ளி, த, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஸ்விஃப்ட் மொழி 4 என்று சரியாகச் சொல்லும். ஆனால் வெறும் எண்ணைக் கொடுத்து எழுத்தை எடுக்க விடாது. மூன்றாம் எழுத்துக்கு முதலிலிருந்து நடந்துதான் போக வேண்டும், அந்தச் செலவை மறைக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. எனக்கு அதுவே நேர்மையாகப் படுகிறது. பைத்தானை விட மனமில்லையென்றால், ‘ஓப்பன்-தமிழ்’ தொகுப்பைக் கொண்டு முதலில் எழுத்து எழுத்தாகப் பிரியுங்கள்; எண்ணைப் பிறகு போடுங்கள்.